88 அடி துர்க்கையும் ஊர் நிறைந்த விளம்பரமும்

லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் காப்பிப் பொடியும் வாங்கிக்கொண்டு ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே நடந்தால், சில நிமிஷங்களில் தேசப்பிரியா பார்க் வந்துவிடும். 2015-ம் வருஷம் பூஜை சமயத்தில் அந்தச் சில நிமிஷ நடையே பெரும்பாடாகிவிட்டது.

அந்த வருஷம் பார்க்கில் 88 அடி உயர துர்க்கை எழுந்து நின்றாள். குமார்துலி கலைஞர் மிண்ட்டு பாலின் கைவண்ணம். பின்னால் நின்றது ஸ்டார் சிமெண்ட் கம்பெனி. பூஜைக்கு வெகு முன்பே கல்கத்தாவின் மூலை முடுக்கெல்லாம் விளம்பரப் பலகைகள் முளைத்தன. "எத்தோ பொரோ! ஷொத்தி?" "இவ்வளவு பெரிசா! நிஜமா?" என்று கேட்டால் யார்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? உலகிலேயே பெரிய துர்க்கை என்ற பேச்சு வேறு.

அக்டோபர் 18, பஞ்சமி. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜனம் வெள்ளமாய் வந்தது. வழிகள் அடைபட்டன, நெரிசலில் சிலர் காயமடைந்தனர். போலீஸார் அன்றே பந்தலை மூடினார்கள். மறுநாள்தான் ஷஷ்டி! பூஜை நாட்களிலும் அது பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. இத்தனை பணம் கொட்டிக் கட்டிய அம்மனை, அவளுக்குரிய நாட்களில் ஊரார் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. சிமெண்டின் பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு அடிபட்டது.

கேளிக்கைப் பூங்காக்களில் நடப்பதற்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சால்ட் லேக்கில் 1991-ல் திறந்த நிக்கோ பார்க்கில் டிக்கெட் உண்டு, வாசல் உண்டு. இன்று கூட்டமென்றால் அடுத்த மாதம் போகலாம். பூஜைப் பந்தலுக்கு டிக்கெட் கிடையாது, தலைகளை எண்ணுவாரும் கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஐந்தாறு மாலைகளுக்குள் வந்தாக வேண்டும். பூங்காவின் ராட்டினத்துக்குச் செய்கிற விளம்பரத்தை அப்படியே பந்தலுக்குச் செய்தால் தாங்குமா?

டிக்கெட் இருந்தும் தடுமாறியவர்கள் உண்டு. 1955 ஜூலை 17-ல் அமெரிக்காவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது, டெலிவிஷனில் நிகழ்ச்சியை நடத்தியவர்களில் ஒருவர் நடிகர் ரொனால்டு ரீகன், பின்னாளில் ஜனாதிபதியானவர். கள்ள அழைப்புச் சீட்டுகளோடு புகுந்தவர்கள் ஏராளம். ராட்டினங்கள் பழுதாயின. புதிதாய்ப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. ஆனால் டிஸ்னிக்குச் சரிசெய்துகொள்ள மறுநாளும், அதற்கடுத்த நாளும் இருந்தன.

அந்த டிஸ்னிலாண்டையே 2023-ல் பந்தலாக எழுப்பியது லேக் டவுன் பக்கத்து ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப். சினிமாக் கவர்ச்சியும் அவர்களுக்குக் கைவந்த கலை. 2017-ல் 'பாகுபலி'யின் மகிழ்மதி அரண்மனை. 2021-ல் துபாய் புர்ஜ் கலீபா: லேசர் ஒளி கண்ணைக் கூசுகிறதென்று விமானிகளே புகார் செய்தார்கள், கூட்டம் மிஞ்சியதால் பந்தலுக்குள் பார்வையாளர்களை விடுவதும் நடுவிலேயே நின்றது. 2024-ல் திருப்பதி கோயில். ஏழுமலையானைக் காணக் கல்கத்தாவிலும் க்யூதானா என்று நம்மவர்கள் அலுத்துக்கொண்டாலும் போகாமல் இருப்பார்களா!

கம்பெனிப் பணமே வேண்டாம் என்பது நியாயமில்லை. பெயிண்ட் கம்பெனியான ஏஷியன் பெயிண்ட்ஸ் 1985-ல் 'ஷரத் ஷம்மான்' பரிசை ஆரம்பித்தது. அதுவும் விளம்பரம்தான். ஆனால் பரிசு வேலைப்பாட்டுக்கு. அதனால் பாடாக்கள் ஒன்றையொன்று மிஞ்சி நல்ல கலைஞர்களைத் தேடின. பலகைக்குப் போகிற காசில் கொஞ்சம் கைவேலைக்கும், கொஞ்சம் வெளியேறும் வழிகளுக்கும் போயிருந்தால் 2015-லும் அம்மனை ஊரார் பார்த்திருப்பார்கள்.

தேசப்பிரியா பார்க்கில் பூஜை இன்னும் நடக்கிறது, கூட்டமும் வருகிறது. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பஞ்சமிக்கு முன்பே காப்பிப் பொடி வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.