இல்லில் விளைந்த நறும்பிழி

பெரும்பாணாற்றுப்படையைப் படிப்பிக்கும்போது வலைஞர் குடியிருப்பைக் கூறும் சில அடிகளை விரைந்து கடந்துவிடுவதுண்டு. நானும் அவ்வாறு கடந்தவனே. கள் சமைக்கும் முறை அங்கே சொல்லப்படுகிறது.

ஆயின், உருத்திரங்கண்ணனார் காட்டும் செய்முறை எத்துணை நுணுக்கமானது! குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டிலே ஆற்றுவர். புற்றின் உட்கூட்டை ஒத்த நல்லடையை அதனோடு கலப்பர். இரு பகலும் இரு இரவும் கழித்து, சாடியிலே பச்சை நாற்றம் அற விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிவர்.

அவ்வடையை முளை அடை என்பர் உரைகாரர். அதுவே இங்கு உயிர். தானியம் முளைக்கையில் உண்டாகும் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்கும். வெல்லத்தை மதுவம் மதுசாரமாக்கும். நம் ஆயுள்வேத வைத்தியர் மூலிகைக் கஷாயத்தில் சர்க்கரையும் தாதகிப்பூவும் இட்டு மூடிவைக்கும் அரிஷ்டமும், காய்ச்சி வடிக்கப்படாமலே, இவ்வாறு தன்னுள்ளே மதுசாரம் கொள்கிறது.

கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வறத்தை மாணவருக்கு உரைப்போம். ஆனால், வழிவந்த பாணனுக்குச் சுட்ட மீனோடு இதனை அளித்த எளியோரின் கையறிவை மறைப்பானேன்? புலவர் கூசாது கண்டதை நாம் கூசி விடுவது கல்வியாகாது.