தலைவர் இல்லாத ஊரில் தேர்தல் வருஷம்

போன நவம்பரில் மட்டும் என் கடையில் பதினோரு கட்டு ஏ-ஃபோர் காகிதம் தீர்ந்தது. மற்ற மாதத்தில் நாலு கட்டு போனாலே பெரிசு. பரீட்சைக் காலத்தில் ஆறு போகும். பதினோரு கட்டு என்றால் தேர்தல் பக்கத்தில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்தில் பேருந்தை விட்டு இறங்கினால் முதலில் டீக்கடை, அடுத்து செருப்புத் தைக்கிறவர், அதற்கடுத்து நான். ஜெராக்ஸ் எடுப்பேன், விண்ணப்பம் நிரப்புவேன், மனு எழுதுவேன். பதினாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. வாலீசுவரர் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் என்னிடம் வழி கேட்பார்கள், உள்ளூர்க்காரர்கள் பேனா கேட்பார்கள். பேனா திரும்பி வந்ததில்லை. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்தான், கடன் கிடையாது.

பதினோரு கட்டுக்குக் காரணம் வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிரத் திருத்தம். 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியது. பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வீடு வீடாக வந்து ஆளுக்கு இரண்டு படிவம் கொடுத்தார். எங்கள் பக்கம் பி.எல்.ஓ. என்றால் பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சர்தான். படத்தை ஒட்டி, பிறந்த தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவது வரைக்கும் யாருக்கும் சிரமமில்லை. அதற்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. இதற்கு முன் இப்படித் திருத்தம் நடந்த 2002, 2005 ஆண்டுப் பட்டியலில் உங்கள் பெயர், அல்லது உங்கள் அப்பா அம்மா பெயர், எந்தத் தொகுதி, எந்தப் பாகம், என்ன வரிசை எண்?

ஆண்களுக்குப் பரவாயில்லை. பிறந்த ஊரிலேயே இருப்பவர்கள். பெண்களுக்குத்தான் இது இடித்தது. குன்னம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழவந்த ஒரு மருமகள் மூன்று நாள் நடந்தாள். 2002-இல் அவளுக்குப் பதிமூன்று வயது. அப்பாவின் பெயரைத்தான் தேட வேண்டும். அப்பாவுக்குப் போன் போட்டால், "நான் எல்லா எலக்‌ஷனுக்கும் ஓட்டுப் போட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன், நம்பரெல்லாம் யாரு வச்சிருக்கா" என்கிறார். கம்ப்யூட்டரில் குன்னம் தொகுதி என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் அதே கதை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் எட்டிப் பார்த்து, "அப்ப ஏதும்மா குன்னம் தொகுதி? அதெல்லாம் வரகூரு" என்றார். உண்மை. 2008 தொகுதி மறுவரையறையில் வரகூர் என்ற சட்டமன்றத் தொகுதி மறைந்து போனது, குன்னம் பிறந்தது. வரகூர் என்று போட்டதும் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வரிசையில் வந்து நின்றார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவருக்கு ஒரு டீ என் கணக்கில்.

டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடியாக இறங்கியிருந்தார்கள். நீங்கியவை சுமார் 97 லட்சம் பெயர்கள். இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். இருக்கிறவர்களும் சிலர் விழுந்திருந்தார்கள். திருப்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்த ஒரு ஆயாவின் படிவம் நிரப்பப்படாமலே போயிருந்தது, பெயர் இல்லை. "நான் செத்தால்ல பேரை எடுக்கணும்? எம்.ஜி.ஆருக்கே ஓட்டுப் போட்டவடி நான்" என்று கடை வாசலில் சத்தம் போட்டது. படிவம் 6 நிரப்பிக் கொடுத்தேன். புதிதாகச் சேர 6, ஒரு பெயரை நீக்கச் சொல்ல 7, திருத்தவும் முகவரி மாற்றவும் 8. அடையாள அட்டை பையில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையைக் காட்டி ஓட்டுப் போட முடியாது. 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம், காசில்லை.

பட்டியல் வேலை ஓய்ந்ததும் அடுத்த காகிதம் வர ஆரம்பிக்கும். மனு.

"எம்.எல்.ஏ.வுக்கு ஒண்ணு எழுதும்மா." என்ன விஷயம் என்று கேட்டால் தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது. நூறு மனு எழுதினால் எண்பது இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இவற்றுக்கு எம்.எல்.ஏ. எதற்கு? சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் உண்டு. பள்ளிக்கூடக் கட்டடம், பேருந்து நிழற்குடை என்று கேட்கலாம், அரசாங்கத்திடம் பேசச் சொல்லலாம். ரயில் வேண்டுமென்றால் எம்.பி. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ரயில் பாதை கேட்டு மக்களவைத் தேர்தலுக்குத் தேர்தல் மனு எழுதியிருக்கிறேன். வார்த்தையை மாற்றுவதில்லை, தேதியை மட்டும் மாற்றுவேன். பெரம்பலூர் நகருக்கு இன்னும் ரயில் நிலையம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரியும் அப்படித்தான். பக்கத்து அரியலூருக்கு 2022 ஜனவரியில் வந்துவிட்டது.

யாருக்கு எழுதுவது என்பதிலேயே எங்கள் மாவட்டத்தில் ஒரு குழப்பம் உண்டு. வாலிகண்டபுரம் பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி, எண் 147, தனித்தொகுதி. பெரம்பலூர் என்ற பெயரிலேயே உள்ள மக்களவைத் தொகுதியில் குளித்தலை இருக்கிறது, லால்குடி இருக்கிறது, முசிறி இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக் குன்னம் அதில் இல்லை. குன்னத்துக்காரர் சிதம்பரம் எம்.பி.க்கு எழுத வேண்டும். இதை நான் விளக்கிச் சொன்னால் பாதிப் பேர் என்னை நம்புவதில்லை.

தெருவிளக்கும் குழாயும் சாக்கடையும் ஊராட்சித் தலைவர் வேலை. அந்தத் தலைவர்தான் இப்போது இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 2011-இல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க இருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் எங்கள் மாவட்டத்தையும் சேர்த்து 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 6-இல் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஓடு தீர்ந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். வார்டு மறுவரையறை என்று காரணம் சொன்னார்கள். 2016 அக்டோபரிலிருந்து இந்த 2026 ஜனவரி வரை ஒன்பதே கால் வருஷம். அதில் எங்களுக்குத் தலைவர் இருந்தது ஐந்தே வருஷம். அந்த முதல் இடைவெளியில் ஆண்டது ஒரு கட்சி, இந்த இடைவெளியில் ஆள்வது இன்னொரு கட்சி. ஆகவே கட்சிச் சண்டைக்காக இதைச் சொல்லவில்லை.

அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு ஊராட்சிக்கு ஐந்தாண்டுக் காலம், அது முடிவதற்குள் தேர்தல் என்று சொல்கிறது. தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லாவிட்டால் பணமும் நிற்கும். போன தடவை இடைவெளியில் நிதிக்குழு மானியத்தை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது நாடறிந்த சங்கதி. பெரம்பலூர் மாவட்டத்தில் 121 கிராம ஊராட்சிகள், அதில் எங்கள் வேப்பந்தட்டை ஒன்றியத்தில் 29. தலைவர்கள் பார்த்த வேலையை இப்போது தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலர் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மனுஷர் எத்தனை ஊர்க் குழாய்க்கு ஓடுவார்? தலைவர் என்றால் காலையில் டீக்கடைக்கு வந்தாக வேண்டும். அங்கே வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். பெண் தலைவர் என்றால் ரேஷன் கடை வரிசையில் பிடிக்கலாம். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் வந்து பேசுவார் என்பது வேறு கதை. அப்படியும், நாலு வருஷம் போனதும் சொந்தமாகப் பேசக் கற்றுக்கொண்ட தலைவிகளை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

2019-இல் எங்களுக்குக் கிடைத்தது இயந்திரம் இல்லை, சீட்டு. ஒரே நேரத்தில் நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வார்டுக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று இருக்கும். நாலையும் மடித்துப் போடுவதற்குள் கிழவிகளுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் வேட்பாளர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவர் கடன் முதற்கொண்டு. சட்டமன்றத்துக்கு நிற்பவரை எத்தனை பேருக்கு அப்படித் தெரியும்?

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் போகலாம், பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஊரில் 500-க்கு மேல் 3,000 பேர் வரை இருந்தால் குறைந்தது 100 பேர் வர வேண்டும், 10,000 வரை என்றால் 200. இந்த எண்ணிக்கையில்தான் விளையாட்டு. என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒருமுறை முப்பது பேர்தான் வந்தார்கள். மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். அக்காவும் போட்டாள். என்ன தீர்மானத்துக்கு என்று கேட்டேன். "யாரு பார்த்தா, வெயில்ல நின்னுக்கிட்டு" என்றாள். அந்த ஊர் பெயர் வேண்டாம். அடுத்த சபைக்குத் தெருவிளக்கு கேட்டு அவளிடம் மூன்று பிரதி எழுதிக் கொடுத்தேன்: ஒன்று சபையில் கொடுக்க, ஒன்றில் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வாங்க, ஒன்று வீட்டுப் பீரோவுக்கு. தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதும்வரை எழுந்திருக்காதே என்றும் சொல்லி அனுப்பினேன். உட்கார்ந்திருக்கிறாள், மதியம் இரண்டு மணி வரை. தீர்மானத்துக்கு எண் கிடைத்தது. விளக்கு ஐந்து மாதம் கழித்து எரிந்தது.

தேர்தல் வருஷத்தில் இதற்கும் ஒரு தடை வரும். தேதி அறிவித்த நிமிஷமே நடத்தை விதிமுறை வந்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16-இல் வந்தது. மார்ச் 22, மே 1 சபைகள் அதோடு போயின. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டமும் நின்று, வாசலில் ஒரு பெட்டி மட்டும் இருக்கும். புதிய வேலை எதுவும் தொடங்க மாட்டார்கள், நடந்துகொண்டிருப்பது நடக்கும். இந்தச் சட்டமன்றத்தின் காலம் மே மாதம் முடிகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கொடுத்துக்கொள்ளலாம் என்று மனுவை மடித்து வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் அவர் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

வெங்காயக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விதிமுறை வந்ததும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பறக்கும் படை நிற்கும். 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். சின்ன வெங்காயம் விற்ற காசு என்று வாயால் சொன்னால் போதாது. மண்டிச் சீட்டையும் சிட்டாவையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வண்டியில் வைத்திருங்கள். இது வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் வியாபாரத்துக்காகவும்தான்.)

எங்கள் ஊருக்கு வடக்கே ரஞ்சன்குடி கோட்டை. 1751-இல் சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்களும் அதைச் சுற்றி நின்றபோது, கோட்டைக் காவலர் இரண்டு தரப்பிடமும் நல்ல வார்த்தை பேசி நாளைக் கடத்தினாராம். யார் ஜெயிப்பார் என்று தெரியும்வரை கதவைத் திறக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வாலிகொண்டா சண்டை என்று எழுதி வைத்தது இதைத்தான். கிளைவும் அங்கே இருந்தார். எங்கள் ஊரில் நிறையப் பேர் இன்றும் அந்தக் கோட்டைக் காவலர் மாதிரிதான். மூன்று கட்சித் துண்டும் பெட்டியில் இருக்கும். எனக்கு அதில் பெரிய குறை இல்லை, எல்லோரும் வீட்டு வாசலுக்கு வரட்டும் என்று இருப்பதும் ஒரு சாமர்த்தியம். ஆனால் வாசலுக்கு வந்தவரிடம் ஒன்றும் கேட்காமல் அனுப்பினால் அந்தச் சாமர்த்தியம் எதற்கு?

2021-இல் ஒரு காலேஜ் பையன் வந்து, தொகுதியில் நிற்பவர்களின் பிரமாணப் பத்திரங்களை அச்செடுக்கச் சொன்னான். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் வேட்பாளர் கையெழுத்தோடு இருக்கும். தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் எடுக்கலாம். டீக்கடை பெஞ்சில் போட்டுப் போனான். அன்று சாயங்காலம் அங்கே நடந்த பேச்சு மாதிரி முன்னேயும் கேட்டதில்லை, பின்னேயும் கேட்டதில்லை. இந்தத் தடவை யாரும் கேட்காவிட்டாலும் நானே எடுத்து வைப்பதாக இருக்கிறேன்.

அதோடு ஒரு தாளும் இருக்கும், இலவசம். அதில் ஒரே ஒரு கேள்வி: "நீங்கள் ஜெயித்தால் எங்கள் ஊராட்சித் தேர்தல் எந்த மாதம் நடக்கும்?" கட்சி பார்க்காமல், கும்பிட்டு வருகிற எல்லோரிடமும் இதைக் கேளுங்கள். மாதத்தின் பெயரைச் சொல்லாதவரை ஆரத்தித் தட்டை எடுக்காதீர்கள்.