காய்கறிக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்

காய்கறிகளை நல்ல நீரில் கழுவிவிட்டால் அவற்றிலுள்ள நுண்ணுயிர்கள் எல்லாம் அகன்றுவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. தோலின்மேல் ஒட்டியிருப்பவற்றில் பெரும்பகுதி நீங்குவது உண்மையே. ஆயினும் செடியின் வேரிலும், தண்டிலும், இலையிலும், காயிலும், தோலுக்கு உட்புறமாகக் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றைக் கழுவும் நீர் எட்டுவதில்லை. அவை எங்கிருந்து வருகின்றன, அவற்றின் வரவில் பயிரிடுவோரின் பங்கு யாது என்பதை நம் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கு மட்டுமன்றி, விளைந்ததை வாங்கி உண்ணும் நெசவாளர் குடும்பங்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நுண்ணுயிர் என்றவுடன் நோய்க் கிருமி என்று அஞ்சவேண்டுவதில்லை. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றினுள் வாழும் பாக்டீரியாக்களே காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துத் தருகின்றன. பயறுவகைச் செடிகளின் முடிச்சிலிருந்து இவ்வுயிரை 1888-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜரிங்க் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார். முடிச்சு இல்லாத செடிகளின் உள்ளேயும் இத்தகைய உதவியாளர்கள் உண்டு. தழைச்சத்தைச் சேர்க்கும் ஒருவகை பாக்டீரியாவைக் கரும்பின் உட்புறத்தில் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டு 1988-இல் வெளியிட்டனர். உப்பு நீரில் ஊறும் வெள்ளரியும் முட்டைக்கோஸும் தாமாகவே புளிப்பேறுவதும் அக்காய்களோடு கூடவே வந்த நுண்ணுயிர்களால்தான்.

இவை செடிக்குள் புகும் வழிகள் பல. வேரானது சர்க்கரைப் பொருள்களையும் அமிலங்களையும் மண்ணில் கசியவிடுகிறது. அவற்றை நாடிவரும் உயிர்களுள் சில, பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்திலுள்ள சிறு பிளவின் வழியே உட்புகுகின்றன. வேறு சில இலைத்துளைகள் வழியாகவும், பூச்சி கடித்த காயங்கள் வழியாகவும் நுழைகின்றன. இன்னும் சில விதையிலேயே தங்கி, தாய்ச் செடியிலிருந்து சேய்ச் செடிக்கு வருகின்றன. பொதுவாக வேரில் மிகுதியாகவும், தண்டு இலைகளில் அதனினும் குறைவாகவும், காயில் மிகக் குறைவாகவும் இவை வாழும். ஆகவே மண், நீர், விதை, காயம் ஆகிய நான்கும் இவற்றிற்கு வாசல்கள். இந்நான்கும் விவசாயியின் கைக்குள் அடங்கியவையே.

முதலில் மண்ணைக் கவனிப்போம். மக்கிய எரு இட்ட நிலத்தில் நுண்ணுயிர் இனங்கள் பெருகுகின்றன. அவ்வினங்களிலிருந்தே செடிக்குக் குடிகள் கிடைக்கின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரே ரக ஆப்பிளை இயற்கை முறையிலும் வழக்கமான முறையிலும் விளைந்த இரு வகையாக எடுத்து ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பழத்தில் ஏறக்குறைய 10 கோடி பாக்டீரியாக்கள் இருந்தன. எண்ணிக்கை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இயற்கை முறையில் விளைந்ததில் இனங்களின் வகைகள் அதிகம். இதற்கு மாறாக, தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் அவரை, பயறு போன்ற செடிகளில் வேர் முடிச்சுகள் குறைந்துவிடுகின்றன. கேளாமலே உணவு கிடைக்கும் வீட்டில் உழைப்பாளிக்கு இடமில்லாமற் போவது போன்றதே இது.

எரு நல்லது என்பதால் எந்த எருவும் நல்லது என்று கொள்ளலாகாது. பச்சைச் சாணத்தில் மனிதனுக்குக் கொடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ. கோலி, சால்மொனெல்லா முதலிய கிருமிகள் இருக்கக்கூடும். அமெரிக்காவில் லெட்டூஸ் கீரையை வைத்துச் செய்த சோதனை 2002-இல் வெளியாயிற்று. கிருமி கலந்த எருவிலும் நீரிலுமிருந்து ஈ. கோலி கீரையின் உட்திசுவரை சென்றிருந்தது அதில் காணப்பட்டது. வயல் நிலையில், வேர்வழியே உண்ணும் பாகம்வரை ஏறுவது அடிக்கடி நிகழ்வதன்று. ஆயினும், நிகழ்ந்துவிட்டால் கழுவி நீக்க இயலாது.

இதற்குப் பரிகாரம் நமக்குப் புதியதன்று. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்ட கம்போஸ்டு முறையில், குவியல் தானே சூடேறி, கிளறக் கிளறப் பக்குவமடைகிறது. அந்தச் சூடே கிருமிகளை அழிக்கிறது. நீளக் குவியலாகப் போட்ட எருவில் 55 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத வெப்பம் 15 நாள் நிலைக்கவேண்டும், அதற்குள் 5 முறையேனும் கிளறவேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. மக்காத சாணத்தை இட்டால், மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பாகவும், மற்றவற்றிற்கு 90 நாள் முன்பாகவும் மண்ணில் கலந்துவிடவேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. நம் கொத்தமல்லித் தழையோ 40 நாளில் அறுவடைக்கு வந்துவிடுகிறது, பச்சையாகவும் உண்ணப்படுகிறது. எனவே அப்பாத்திக்குச் சாணத்தைக் கரைத்துப் பாய்ச்சும் வழக்கத்தை அறவே விட்டுவிடுதல் நலம்.

விதையால் வரும் கேட்டிற்கு ஜெர்மனியில் நடந்ததே சான்று. 2011-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே ஈ. கோலி நோய் பரவியது. 3,800-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது பழி விழுந்தது. அது தவறென்று தெளிவதற்குள் குற்றமற்ற விவசாயிகளின் விளைச்சல் விலைபோகாமல் அழிந்தது. பாதிக்கப்பட்ட காய்கறி விவசாயிகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்கவேண்டியதாயிற்று. பின்னர் முளைகட்டிய பயிர்களே காரணம் என்று தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையே அதன் மூலமாக இருக்கவேண்டும் என ஆய்வாளர் முடிவுகண்டனர். முளைகட்டிய பண்ணையோ இயற்கை முறையைக் கைக்கொண்டது! ஆகவே முறையின் பெயர் பாதுகாப்பு ஆகாது. அதைக் கையாளும் கவனமே பாதுகாப்பு.

நீரிலும் பறிப்பிலும் இதே கவனம் வேண்டும். கால்நடைகள் இறங்கும் குட்டை நீரை இலைமேல் தெளிப்பதைவிட, கிணற்று நீரை வேரடியில் பாய்ச்சுவது மேல். அடிபட்ட காயையும் வெடித்த காயையும் கூடையில் சேர்க்கலாகாது. வெயிலில் பறித்த தக்காளியைச் சூடு ஆறுமுன் குளிர்ந்த நீரில் அமிழ்த்தலாகாது; உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்பு இருந்த தழும்பின் வழியே நீரையும், நீரிலுள்ள கிருமியையும் உள்ளிழுத்துவிடும். நிழலில் ஆறவைத்தபின் தூய நீரில் கழுவுக.

இல்லத்தரசிகளும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். நன்கு வேகவைத்த காயில் இக்கிருமிகள் பிழைப்பதில்லை. முளைப்பயிரைக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், முதியோருக்கும் வேகவைத்தே தருவது உத்தமம்.

ஸ்பெயின் விவசாயிகளுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம். சங்கத்தின் கூடையில் பல வயல்களின் காய்கள் ஒன்றாகக் கலக்கின்றன. ஒருவர் வயலில் நேரும் அசட்டை அனைவர் பெயரையும் கெடுக்கும். ஒருவர் காட்டும் கவனம் அனைவர் சரக்குக்கும் மதிப்பைத் தேடித்தரும். எருக்குழியில் குவியலை ஒரு தரம் கூடுதலாகக் கிளறும் அங்கத்தினர், தாம் அறியாத ஒரு நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்தே உழைக்கிறார் என்று நாம் கருதுகிறோம்.