கடுவன் குட்டி இருக்கா?

மதுரைக்கு வெளியே, வயல்கள் மனைகளாக மாறிக்கொண்டிருக்கும் பகுதியில் இருக்கிறது அந்த நாய்க் காப்பகம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயரும் இடமும் வெளியே தெரிந்தால் விடிவதற்குள் வாசலில் அட்டைப் பெட்டிகள் வந்துவிடும், பெட்டிக்குள் கண் திறக்காத குட்டிகள் கிடக்கும் என்பது அவர்களுடைய அனுபவம்.

அங்கே தத்துக்குக் காத்திருக்கும் இளம் நாய்களில் ஒன்று மிளகு. வயது ஏழு மாதம். உடம்பெல்லாம் கறுப்பு, மார்பில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. ஒரு காது விறைத்து நிற்கும், மற்றது பாதியில் மடிந்து தொங்கும். பால் பற்கள் 28-ம் உதிர்ந்து, 42 பற்களும் முளைத்துவிட்டன. பல் முளைத்த மாதங்களில் கூண்டுக் கதவின் மரச்சட்டத்தைக் கடித்துக் குதறியதால் இப்போது இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். காலையில் குருணைச் சோறும் கோழிக் கழிவும் மஞ்சள் போட்டு வெந்து வரும்போது மற்ற நாய்கள் கதவில் மோதும். மிளகு மட்டும் பின்னால் உட்கார்ந்து, தன் தட்டு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கும்.

மாட்டுத்தாவணிப் பக்கம் காய்கறி லாரிகள் நிற்கும் இடத்தில், வாய் கட்டிய சாக்கு ஒன்று அசைவதைப் பார்த்துச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் அவிழ்த்திருக்கிறார். உள்ளே மிளகோடு சேர்த்து ஐந்து குட்டிகள். வளர்த்த பிராணியைத் தெருவில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை அது. 

ஐந்தில் இரண்டு கடுவன், மூன்று பொட்டை. கடுவன் இரண்டுக்கும் உடனே ஆள் வந்துவிட்டது. தடுப்பூசி முடியட்டும் என்று காப்பகத்தில் சொல்ல, முன்பதிவு செய்வதுபோல் பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். பொட்டைகளில் ஒன்று பார்வோ என்ற வைரஸ் நோய் கண்டு, ரத்தப்பேதியில் செத்தது. இன்னொன்றைத் தோப்புக் காவலுக்கு என்று ஒருவர் கொண்டுபோனார். ஆறு மாதம் ஆனதும் கருத்தடைக்கு அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியும் வரவில்லை. குட்டி பருவத்துக்கு வந்து, தெருவிலுள்ள கடுவன்களெல்லாம் தோப்பு வேலியைச் சுற்ற ஆரம்பித்ததும் திரும்பக் கொண்டுவந்து கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார். மிளகை இதுவரை யாரும் கொண்டுபோகவில்லை.

நான் அங்கே இருந்த பொழுதெல்லாம் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும்.

“கடுவன் குட்டி இருக்காம்மா?”

“பொட்டைதாண்ணே இருக்கு. ஆபரேசன் பண்ணியாச்சு, ஊசியெல்லாம் போட்டாச்சு. குட்டி போடாது.”

“இல்லம்மா, கடுவன் வந்தா சொல்லு.”

சிலர் நிறம் கேட்கிறார்கள். சிலர் ஜாதி நாய் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வயது, உடம்பு நலம், குணம் என்று கேட்பவர்கள் அரிது. ஆனால் ஆணா பெண்ணா என்று கேட்காதவர் யாருமில்லை என்கிறார் அந்த அக்கா. தத்துக்குக் காத்திருக்கும் நாய்களைப் பற்றி எழுதப் போன எனக்கு, அதன் பிறகு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. நாட்டு நாயைவிட வெளிநாட்டு இனத்தின் மேல் மோகம், வாடகை வீட்டுச் சிக்கல், அடுக்குமாடிச் சங்கங்களின் கெடுபிடி எல்லாம் உண்மைதான். அவை பலமுறை எழுதப்பட்டுவிட்டன. பெண்ணாகப் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கூண்டிலேயே வயதாகும் குட்டிகளைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஏன் வேண்டாம் என்று கேட்டால் பதில் பல விதமாக வருகிறது. முதலில் சொல்வது குட்டி போடும் என்று. சற்றுப் பேச்சுக் கொடுத்தால் இன்னொன்று வெளியே வரும்: தீட்டு. பருவத்துக்கு வந்த நாய் வீட்டுக்குள் நடமாடினால் தரையில் ரத்தம் சொட்டும், சாமி அறை இருக்கிற வீட்டில் அது ஆகாது. இதைப் பெரும்பாலும் பெண்களே, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். மாதத்தில் சில நாள் தங்களையே ஒதுக்கி உட்கார வைத்த வீட்டு வழக்கத்தை ஒரு நாய்க்குட்டியின் தலையிலும் வைப்பது என் மனத்தைக் கனக்கச் செய்தது.

உடம்பில் நடப்பது இதுதான். பெண் நாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் முதல் முறை பருவத்துக்கு வரும். ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். அதன் தொடக்க நாட்களில்தான் ரத்தக் கசிவு. சூல் கொண்டால் 63 நாள் கணக்கில் குட்டி போடும். கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் இவை அத்தனையும் ஒரே நாளில் முடிந்துவிடும். கசிவு கிடையாது, வேலியைச் சுற்றும் கடுவன் கூட்டம் கிடையாது, குட்டி கிடையாது. தையல் பிரிக்க இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மிளகுக்கு அது முடிந்து வயிற்றில் முடியே முளைத்துவிட்டது.

நாய்க்கும் இதனால் ஆயுள் கூடுகிறது. ஸ்வீடனில் ஆரோக்கியமான நாய்க்குக் கருத்தடை செய்யும் பழக்கம் நெடுங்காலம் அரிதாக இருந்தது. அங்கே காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வந்திருந்தது. உடனே அறுவை செய்யாவிட்டால் உயிரைக் கொண்டுபோகும் நோய் அது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு மடிப் புற்று வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. வேண்டாம் என்று போனை வைப்பவர்கள் அஞ்சும் ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் மேசையில் பதில் இருக்கிறது. அவர்கள் கேட்கத்தான் நேரம் தருவதில்லை.

இன்னொரு நம்பிக்கை, காவலுக்குக் கடுவன்தான் சரி என்பது. கருத்தடை செய்யாத கடுவன் பருவகாலத்தில் துணை தேடிக் கேட்டைத் தாண்டி ஓடுவதும், சண்டையில் காது கிழிந்து வருவதும், ரோடு கடக்கையில் அடிபடுவதும் நாய் வளர்த்த எல்லோருக்கும் தெரியும். காவல் நாயைக் கொண்டாடுவது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட வீரனோடு, திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லி அதில் செதுக்கியிருக்கிறார்கள். இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலையே வந்துவிட்டது. நாட்டு நாய்ப் பெருமையில் நமக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பெருமை பேசுகிறவர்கள் வீட்டு வாசலிலும் நான் பார்த்தவை கடுவன்களே.

இதைத் தனிப்பட்ட விருப்பம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி. ஊர் முழுக்கக் கடுவன்களைப் பொறுக்கி எடுத்து வீட்டுக்குள் கட்டிக்கொண்டால் தெருவில் எஞ்சுவது யார்? அடுத்த வருடம் ஐந்தோ ஆறோ போடப்போகிற பொட்டைகள்தான். தெருவில் ஓரிரு கடுவன் மிஞ்சினாலும் போதும், அத்தனை பொட்டைகளும் சூலாகும். தெரு நாய் பெருகிவிட்டது என்று நாம் குறைப்படும் கூட்டம், வேண்டாம் என்று நாம் விட்டுவந்த பெண் குட்டிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

பிறப்பவையும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மேற்கு வங்கத்தில் தெரு நாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 364 குட்டிகளில் ஏழு மாதம் தாண்டிப் பிழைத்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சாவுகளில் பாதிக்கு மேல் மனிதர்களால் வந்தவை: வண்டி, அடி, விஷம், கொண்டுபோய் எங்கோ விட்டுவிடுவது. மிளகின் வயது இப்போது அந்த ஏழு மாதம்.

நாய்க்கடிக்கு அஞ்சுகிறவர்கள் இந்தப் பேச்சே வேண்டாம், எல்லாவற்றையும் பிடித்து அடையுங்கள் என்கிறார்கள். பிள்ளை கடிபட்ட வீட்டாரின் அச்சத்தை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. வெறிநோய் கண்டபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அந்த அச்சம் உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெய்ப்பூரில் 1990-களில் தெரு நாய்க் கருத்தடையைத் தொடங்கி விடாமல் நடத்தினார்கள். அதன்பின் மருத்துவமனைக்கு வரும் நாய்க்கடிகள் குறைந்ததாக 2013-இல் ஆய்வு வெளிவந்தது. குட்டியைக் காக்கும் தாய் பாய்ந்து கடிக்கும். குட்டியே இல்லையென்றால் அந்தப் பாய்ச்சலும் இல்லை. பொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்கிறவர் தன் தெருவின் கடியையும் சேர்த்துக் குறைக்கிறார்.

மிளகுக்கு இன்னொரு நெருக்கடி உண்டு, அது வயது. குட்டி நாய் உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் மூன்று வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் பெரிதும் முடிந்துவிடும். அந்த நாட்களில் பார்த்த மனிதர், கேட்ட சத்தம், மிதித்த தரை எல்லாம் பிறகு அச்சம் தராதவை ஆகிவிடும். மிளகு அந்தக் காலத்தைக் கூண்டில் கழித்தது. மாடிப்படி என்றால் அதற்கு என்னவென்று தெரியாது. டைல்ஸ் தரையில் கால் விரித்து நின்றுவிடும். மிக்ஸி ஓடினால் மூலைக்குப் போகும். அதனால் அந்த அக்கா தினமும் சட்னி அரைக்க மிக்ஸியைக் கூண்டுப் பக்கம் கொண்டுவந்து வைக்கிறார். தூரத்தில் ஆரம்பித்தது, கொஞ்சம் கொஞ்சமாக அருகே வந்திருக்கிறது. அரைத்து முடித்ததும் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். இப்போது மிக்ஸி சத்தம் கேட்டால் மிளகு எழுந்து கதவருகே வருகிறது. குக்கர் விசிலுக்குத்தான் இன்னும் உடம்பு நடுங்குகிறது.

அந்த அக்காவுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் கூண்டு கழுவி, உண்ணி எடுத்து, சொறி பிடித்தவற்றுக்கு மருந்து தடவி, நடுவில் போனும் எடுத்துப் பேசுகிறார். ஒரு நாயின் பயத்தைப் போக்கச் சட்னி அரைக்கும் நேரத்தைக்கூட ஒதுக்கிவைக்கிற அக்கறையைப் பார்த்தபோது, இத்தனை உழைப்பும் “கடுவன் வந்தா சொல்லு” என்ற ஒரு வாக்கியத்தில் வீணாவது எனக்குப் பொறுக்கவில்லை.

மிளகை எடுக்க நினைப்பவர்களுக்கு நிபந்தனைகள் எளிமையானவை. சொந்த வீடோ வாடகை வீடோ, வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். வாடகை என்றால் வீட்டுக்காரரின் ஒப்புதலும் வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டக்கூடாது. வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். முதலில் வீட்டைப் பார்க்க வருவார்கள், பிறகும் சில மாதம் படம் அனுப்பச் சொல்வார்கள். பணம் எதுவும் கேட்பதில்லை. முதல் இரண்டு வாரம் அது மூலையிலேயே கிடக்கும், சில வேளை சாப்பிடாமலும் இருக்கும். இழுத்து மடியில் வைக்காதீர்கள், அதுவாக வரட்டும். நல்ல பராமரிப்பில் நாட்டு நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். அவ்வளவு காலம் வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் ஊரிலும், பக்கத்து ஊரிலும் இதேபோல் கருத்தடை முடிந்த பெண் நாய்கள் காப்பகங்களில் காத்திருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இடமில்லாதவர்கள் தாங்கள் தினம் சோறு வைக்கும் தெருவிலுள்ள ஒரு பொட்டை நாயைக் கருத்தடைக்கு அனுப்ப உதவுங்கள். முன்பின் தெரியாதவர் வலையோடு வந்தால் அது ஓடிவிடும். சோறு போட்ட கையில்தான் பிடிபடும். அறுவை முடிந்து, பிடித்த அதே இடத்தில் கொண்டுவந்து விட வேண்டும் என்பது பொதுவான விதி. அதையும் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.