புகாரில் விடுபட்டுப்போகும் அந்த ஒரு வரி

வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம். பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருப்பவன் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறான். அந்த அம்மா விடாமல் பற்றிக்கொள்கிறார். தெருவில் விழுந்து இழுபடுகிறார். பாதிச் சங்கிலியோடு வண்டி பறந்துவிடுகிறது. நம் ஊர்களில் அடிக்கடி நடப்பதுதான். காவல் நிலையத்தில் எழுதித் தரும் புகாரோ, 'அடையாளம் தெரியாத இருவர் ஐந்து பவுன் சங்கிலியைப் பறித்துச் சென்றுவிட்டனர்' என்பதோடு முடிந்துவிடுகிறது. கழுத்து அறுபட்டதும் முழங்கை தேய்ந்ததும் அதில் இருக்காது. நகை போன பதற்றத்தில் காயத்தை யார் நினைக்கிறார்கள்?

அந்த ஒரு வரி விடுபட்டால் வழக்கே இளைத்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் நகைப்பறிப்புக்கென்றே 304ஆம் பிரிவு இருக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு சிறை, அபராதம். திருடுவதற்காகவோ, திருடியதைக் கொண்டுபோவதற்காகவோ காயப்படுத்தினாலும், வழிமறித்தாலும், அப்போதே அடிப்பேன், குத்துவேன் என்று பயமுறுத்தினாலும் அது 309ஆம் பிரிவின்படி கொள்ளை. தண்டனை பத்து ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில், பொழுது சாய்ந்து விடிவதற்குள் நடந்தால் பதினான்கு ஆண்டு வரை. கொள்ளையின்போது வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனைகூட விதிக்கலாம். ஆகவே விழுந்தது, இழுபட்டது, கத்தியைக் காட்டியது, 'சத்தம் போட்டால் குத்திடுவேன்' என்று சொன்னது எல்லாம் நடந்தது நடந்தபடி முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். கூட்டிச் சொல்லவும் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்வார்களே, அந்தக் காகிதம் பிற்பாடு நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும்.

புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் திருப்தியடைந்துவிடாதீர்கள். அது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவே. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. கொள்ளை வழக்கில் அந்தத் தவணைக்கு இடமே இல்லை. காயம் பற்றிய வரிக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. சம்பவம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த நிலையத்திலும் புகார் தரலாம், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனு போடலாம். பெண்களையும் அறுபது வயது தாண்டிய ஆண்களையும் வாக்குமூலத்துக்காக ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். விசாரணையில் சொல்வதைப் போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் அவர்கள் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பல வழக்குகள் சரிந்துவிழும் இடம் அடையாள அணிவகுப்பு. பிடிபட்டவரை, அவரைப் போன்ற தோற்றமுள்ள வேறு சிலரோடு சிறையில் நிறுத்தி, நடுவர் முன்னிலையில் உங்களை அடையாளம் காட்டச் சொல்வார்கள். அதற்கு முன்பே 'இவன்தானா பாருங்க' என்று ஸ்டேஷனில் ஆளைக் காட்டினால், அல்லது வாட்ஸ்அப்பில் படம் வந்தால், அணிவகுப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடும். அப்படிப் பார்க்கக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் துருவப்படுவதும் இதுதான். 'ஹெல்மெட் போட்டிருந்தார் என்கிறீர்களே, முகத்தை எப்படிப் பார்த்தீர்கள்?' 'போலீஸ் சொல்லித்தானே அடையாளம் காட்டுகிறீர்கள்?' பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்ன சாட்சி இந்தக் கேள்விகளில் மாட்டிக்கொள்வார். 'முகத்தைப் பார்க்கவில்லை, பச்சைச் சட்டையையும் கையிலிருந்த தழும்பையும் பார்த்தேன்' என்று உள்ளதைச் சொல்பவரை அசைப்பது கடினம்.

ஆளை அடையாளம் காட்ட முடியாவிட்டாலும் நகையைக் காட்ட முடியும். களவு போன பொருள் சீக்கிரத்திலேயே ஒருவர் கையில் பிடிபட்டு, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், அவரையே திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அது உங்கள் நகைதான் என்பது நிரூபணமாக வேண்டுமே. நகைக்கடை ரசீதையும், ஹால்மார்க்கோடு பொறிக்கப்படும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீட்டையும் இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பழைய நகைக்கு, அதை அணிந்திருக்கும் கல்யாணப் படம் உதவும்.

மீட்ட நகை, வழக்கு முடியும்வரை கோர்ட்டிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. படம் எடுத்து, மகஜர் எழுதி, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு சுந்தர்பாய் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட்டால் போதும். வழக்கு முடியும்வரை அதை அழிக்கவோ விற்கவோ கூடாது.

நகை கைக்கு வந்ததும் பலர் கோர்ட் பக்கம் போவதில்லை. எதிர்த்தரப்பு ஆள் அனுப்பிப் பேசினால், அடையாளம் தெரியவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லிவிடுகிறார்கள். கொள்ளை, சமரசம் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. தெரிந்தே பொய்ச்சாட்சி சொல்வது தனிக் குற்றம். மிரட்டல் வந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பியுங்கள். பாதிக்கப்பட்டவர் பயத்தில் வாய்மூடிப் போவதுதான் எனக்குப் பெரிய வேதனை.

இதே அளவு அக்கறையோடு சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. பழைய வழக்கு ஒன்று இருக்கிறது என்பதற்காகவே வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்படும் இளைஞர்களும் இருக்கிறார்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதன் வழியாகப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதைக் காட்டிய பகுதி மட்டும் செல்லும். அடி விழுந்திருந்தால் நடுவரிடம் அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் பதிவு செய்வார். தப்பான ஆள் சிறைக்குப் போனால், சங்கிலியை அறுத்தவன் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறான்.

விடுதலைத் தீர்ப்பு வந்தால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.