பெயருக்கு விலையா, வேலைக்கு விலையா?

2008 பெப்ரவரி 20ஆம் திகதி மும்பையில் நடந்த முதலாவது ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்க்க வேண்டும். வீரர்களை வாங்க ஓர் அணி செலவிடக்கூடிய உச்சத்தொகை 50 இலட்சம் டொலர். எல்லோருக்கும் ஒரே முதல், கொள்வனவில்தான் வித்தியாசம்.

டெக்கான் சார்ஜர்ஸ், அன்ட்ரூ சைமண்ட்ஸ் ஒருவருக்கே 13.5 இலட்சம் கொடுத்தது. முதலில் கால் பங்குக்கு மேல் ஒரே சரக்கில். அவரோ அவுஸ்திரேலிய அணியின் மேற்கிந்தியப் பயணத்துக்காக இடையில் போய்விட்டார். 14 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, கடைசி இடம்.

ராஜஸ்தான் ரோயல்ஸின் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: ஷேன் வோர்ன் 4.5 இலட்சம், யூசுப் பதான் 4.75, ஷேன் வொட்சன் 1.25, பாகிஸ்தானின் சுஹைல் தன்வீர் 1 இலட்சம். நால்வருமாக 11.5 இலட்சம், சைமண்ட்ஸின் விலைக்கும் குறைவு. தன்வீர் 22 விக்கெட்டுகளுடன் தொடரில் முதலிடம். துடுப்பாட்டம், பந்துவீச்சு இரண்டும் செய்த வொட்சன் தொடரின் சிறந்த வீரர். கிண்ணமும் அவர்களுக்கே.

பதுளையில் கடை வைத்திருப்பவருக்கு இது புதிதல்ல. தோட்டச் சம்பளக் கிழமையில் விற்பது அரிசி, மா, சீனி, பருப்பு. விலையுயர்ந்த பொருளொன்றில் முதலைப் பூட்டிவிட்டு அரிசி மூடை இல்லாமல் நின்றால், பசறையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் அடுத்த கடைக்குத்தான் போவார்.

அதற்காக மலிவானதை மட்டும் அள்ளுவதும் வியாபாரமல்ல. சென்னை, டோனிக்கு 15 இலட்சமும் நமது முரளிதரனுக்கு 6 இலட்சமும் கொடுத்து இறுதியாட்டம் வரை வந்தது. டோனி தலைவர், விக்கெட் காப்பாளர், துடுப்பாட்டக்காரர். மூன்று ஆளின் வேலை. எத்தனை நாள் கையில் இருப்பார், எத்தனை வேலை செய்வார் என்பதே வாங்குமுன் கேட்க வேண்டியது.

2009இல் டெக்கானே கிண்ணத்தை வென்றது. அந்த இறுதியாட்டத்தில் சைமண்ட்ஸ் விளையாடினார்.