புல்லட் ஹெட் பேக்கிங்: எண்ணெய் தெரியும் இடமும் கசியும் இடமும்

அப்பாவோட புல்லட் 350, 1984 மாடல். நாலு வருஷம் கொட்டகையில் சும்மா நின்ற வண்டியைப் போன வருஷம்தான் ஓட்ட எடுத்தேன். ஒரே வாரத்தில் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே, வலது பக்கம், எண்ணெய் கசிய ஆரம்பித்தது. பட்டறையில் காட்டினேன். "ஹெட் பேக்கிங் போயிருச்சு சார்" என்று மாற்றித் தந்தார்கள். ஒரு மாதத்தில் திரும்பவும் கசிவு. திரும்பவும் புது பேக்கிங். மூணாவது தடவை கசிந்தபோது, "வித்துடேன்டா, இன்னும் எவ்வளவு கொட்டுவ" என்றார் அம்மா. ஆபீஸில் ஒரே பிழை ரெண்டு தடவை திரும்பி வந்தால், நாம் திருத்திய இடமே தப்புன்னு அர்த்தம். அந்த யோசனையோடு நானே ஸ்பேனரை எடுத்தேன்.

முதலில் இன்ஜினைப் புரிந்துகொள்வோம். பழைய புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடானால் அலுமினியம் இரும்பைவிடச் சுமார் ரெண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு பயணத்திலும் இந்த ரெண்டு முகங்களும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட ஹெட் கேஸ்கெட்டுக்கு (பட்டறை மொழியில் 'பேக்கிங்') ரெண்டு வேலை. ஒன்று, எரிவாயு அழுத்தத்தை உள்ளேயே நிறுத்துவது. இன்னொன்று, சிலிண்டர் வார்ப்புக்குள்ளேயே வலது பக்கம் ஓடும் புஷ் ராட் பாதையை மூடுவது. மேலே ராக்கருக்குப் போன எண்ணெய் கீழே இறங்குவது அந்தப் பாதை வழியாகத்தான்.

ஆகவே கசிவு மூணு வகை.

முதல் வகை, வாயுக் கசிவு. முறுக்கும்போது 'சிக் சிக்'ன்னு சத்தம் வரும், இணைப்பைச் சுற்றிக் கரி படியும், கிக்கர் லேசாக இறங்கும். இதை வைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. சூடான வாயு அலுமினிய முகத்தில் கால்வாய் மாதிரி அரித்துவிடும். பிறகு பேக்கிங் மாற்றினால் மட்டும் போதாது, ஹெட்டையே சரிசெய்ய வேண்டி வரும். சோதிக்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் பூசி, ஒருவர் கிக்கரை மெதுவாக அழுத்த இன்னொருவர் பார்க்கணும். குமிழி வந்தால் உறுதி. இணையத்தில் சொல்லும் 'வெள்ளைப் புகை', 'ரேடியேட்டரில் எண்ணெய்' எல்லாம் தண்ணீரால் குளிரும் கார் இன்ஜினுக்கு. இங்கே உதவாது.

இரண்டாவது வகை, புஷ் ராட் பாதையிலிருந்து வரும் எண்ணெய்.

மூணாவது, பொய்க் கசிவு. ராக்கருக்கு எண்ணெய் கொண்டுபோகும் வெளிக்குழாயின் இணைப்போ ராக்கர் மூடியோ கசிந்து, எண்ணெய் வழிந்து கீழே வந்து பேக்கிங் மேல் பழி போடும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டீசலும் பழைய பிரஷும் கொண்டு இன்ஜினைச் சுத்தமாகக் கழுவித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். ஓட்டிப் பார்த்தால் காற்று எண்ணெயை எல்லாப் பக்கமும் இழுத்துவிடும். பவுடரில் முதலில் நனையும் இடம் எதுவோ, அதுதான் ஊற்று.

எனக்கு நனைந்தது புஷ் ராட் பக்கம். பட்டறைக்காரர் சொன்ன இடம் சரிதான், அப்போ ஏன் திரும்பத் திரும்பப் போகுது?

பதில் கீழே இருந்தது. பிஸ்டன் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் தன் அடியில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது. 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம், கணக்குப் போட்டால் 346 சிசி. அது வெளியேற ப்ரீதர் குழாய் இருக்கிறது. அதில் ஒரு ரப்பர் வால்வு, காற்றை வெளியே மட்டும் விடும். நாலு வருஷம் நின்றதில் என் வண்டியின் ரப்பர் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தது. போக வழியில்லாத அழுத்தம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு பலவீனமான இணைப்பைத் தேடியது. ஒவ்வொரு புது பேக்கிங்கும் அதற்குத்தான் பலியானது.

ரப்பரை மாற்றிவிட்டு, ஹெட்டையும் ஒரு தடவை ஒழுங்காகக் கழற்றி மாட்டினேன். கவனிக்க வேண்டியவை:

1. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே நட்டுகளைத் தொடணும். குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தணும்.

2. பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறலே அடுத்த கசிவுக்கு வழி.

3. ஹெட் முகத்தில் நேரான எஃகு ஸ்கேலை நிறுத்தி, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் அடியில் நுழைகிறதா பாருங்கள். லேசான வளைவுதான் என்றால் தடித்த கண்ணாடி மேல் நைசான உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் தேய்க்கலாம். அதிக வளைவென்றால் லேத் பட்டறை.

4. செம்பு பேக்கிங்கென்றால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். எஃகு மாதிரி செம்பு இறுகாது, மென்மையாகும். மற்ற வகை பேக்கிங்கைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

5. இறுக்குவதும் குறுக்கு வரிசையில், மூணு கட்டமாக, டார்க் ரெஞ்சால். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஆறவிட்டு இன்னொரு தடவை சரிபார்க்கணும்.

6. கடைசியாக டேப்பெட். பேக்கிங்கின் தடிமன் மாறினால் இடைவெளியும் மாறும். ஆறிய இன்ஜினில், வால்வுகள் ரெண்டும் மூடியிருக்கும்போது, புஷ் ராட் விரலால் சுற்றினால் சுற்றணும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

வேலை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வலது பக்கம் இன்னும் காய்ந்தேதான் இருக்கிறது. போன வாரம் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கோயிலுக்குப் போய் வந்தேன். விற்கிற பேச்சை அவர் எடுக்கவில்லை.